பதநீர் இறங்கும் தோப்பில் விருந்தினர்: வேதாரண்யம் கடலோரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வேதாரண்யத்துக்கும் கருப்பம்புலத்துக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் என் தாய்மாமனுக்கு 5 ஏக்கர் தோப்பு இருக்கிறது. தென்னை, மா, வேலியோரப் பனை, கிணற்றடியில் ஒரு துண்டு முல்லைத் தோட்டம் என்று கலந்து கிடக்கும் அந்த நிலத்துக்கு வெளியூர் விருந்தினரை வரவழைத்து, விவசாய வருமானத்தோடு இன்னொரு வருமானத்தையும் சேர்க்க முடியுமா என்று குடும்பம் 2019 முதல் முயன்று வருகிறது. தொடக்கத்திலிருந்தே வரவுசெலவுக் கணக்கை எழுதி வருபவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி பதிவுசெய்ய விரும்புகிறேன். குடும்பத்தாரின் பெயர்களையும் தோப்பின் சரியான இடத்தையும் மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

காவிரிப் படுகையின் கடலோரத்துக்கு ஆள் வருவதில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கும், கந்தூரி நாட்களில் நாகூருக்கும், ஆடி, தை அமாவாசைகளில் வேதாரண்யம் சன்னிதிக் கடலுக்கும் ஆதிசேது என்று அழைக்கப்படும் கோடியக்கரைக்கும் மக்கள் வெள்ளமாக வருகிறார்கள். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டையையும், பூம்புகாரில் 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து பார்க்கிறார்கள். ஆயினும் காலையில் வந்த வண்டி மாலையில் திரும்பிவிடுகிறது. வந்தவர்கள் வாங்கிய தண்ணீர்ப் புட்டியும் நொறுக்குத்தீனியும் எங்கோ ஆலையில் அடைக்கப்பட்டவை. இருபுறமும் வயலாகக் கிடக்கும் சாலையில் நாள் முழுதும் பயணம் செய்த ஒருவர், அந்த வயலுக்குரியவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டிய தேவையின்றி ஊர் திரும்பிவிட முடிகிறது. இது ஏன் இப்படி இருக்கிறது, தோப்புக்காரர் ஒருவரால் இதில் எதை மாற்ற முடியும் என்ற கேள்விக்கு எங்கள் அனுபவம் ஓரளவு விடை தருகிறது.

களம்

வேதாரண்யத்தை டெல்டாவின் பிற பகுதிகளைப்போல் எண்ணிவிடக் கூடாது. மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் களிமண் வயலும் ஆற்றுப் பாசனமும் இருக்க, இங்கே பழைய கடற்கரைகளின் தடமாக மணல்மேடுகள் நீண்டு கிடக்கின்றன. மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்விடங்களில்தான் நெல் விளைகிறது. ஊரும் தோப்பும் முல்லையும் மேட்டில் இருக்கின்றன. மணலுக்கடியில் மழைநீர் தங்கி, ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீராக ஊறுகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். இந்த ஒரு செய்தி பின்னால் வரும் முடிவுகளைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும்.

பார்க்கத்தக்க இடங்களுக்குக் குறைவில்லை. ‘திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு’ என்று வழங்கும் திருமறைக்காட்டுக் கோயில், 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்ததன் நினைவாக அகஸ்தியன்பள்ளியில் நிற்கும் தூண், அதைச் சூழ்ந்த உப்பளங்கள், 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2002-இல் ராம்சார் எனப்படும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்ற கோடியக்கரைக் காடும் நீர்ப்பரப்பும், அங்குள்ள வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் குளிர்காலப் பூநாரைகளும், மேற்கே முத்துப்பேட்டையில் பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடுமிடத்தில் விரிந்திருக்கும் அலையாத்திக் காடு ஆகிய அனைத்தையும் தோப்பிலிருந்து ஒரு பகலுக்குள் எட்டிவிடலாம். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டபின் ரயிலும் வருகிறது.

முதல் முயற்சி ஏன் தோற்றது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது எங்கள் தோப்பின் தென்னைகளில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தோ நடுவில் முறிந்தோ கிடந்தன. மா மரங்களில் பாதி போயிற்று. வேலியோரப் பனைகள் மட்டைகளை இழந்து மொட்டையாக நின்றனவே தவிர, ஒன்றும் விழவில்லை. அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லோரும் தென்னைக்காக அழுதுகொண்டிருந்தோம். புதிதாக நட்ட கன்று காய்ப்புக்கு வரும்வரை குடும்பம் எதைக் கொண்டு வாழ்வது என்ற கவலையில்தான் விருந்தினர் யோசனை பிறந்தது.

விழுந்த தென்னையை அறுத்துத் தூணாக்கி, கீற்று வேய்ந்து, இரண்டு அறைகள் கட்டினோம். கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் தங்குவார்கள், மீன் சாப்பாடு போடலாம் என்பதே திட்டம். கணக்கைப் பார்த்தால் இந்தத் திட்டம் எங்கே பழுதாயிற்று என்பது தெளிவாகத் தெரிகிறது. வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவமழையும் அதே அக்டோபரில்தான் தொடங்குகிறது. பறவைக்காக அறை கேட்டவர்கள் மழைக்காக அதை ரத்து செய்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்விடச் சாலையில் தண்ணீர் நின்றது. கழிப்பறைக் குழி நிரம்பியது. நனைந்த கீற்றிலிருந்து பூச்சி உதிர்ந்தது. வானம் வெளுத்த தை, மாசியில் வந்தவர்களோ விடியுமுன் காட்டுக்குப் புறப்பட்டு, இருட்டியபின் திரும்பி, படுத்து, மறுநாள் காலையில் ஊருக்குப் போய்விட்டார்கள். தோப்பு அவர்களுக்கு மலிவான ஒரு விடுதியாக மட்டுமே இருந்தது.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் வருத்தமானது. மீன் ஆறுகாட்டுத்துறையிலிருந்து வந்தது. அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் கடையிலிருந்து வந்தன. இலையில் வைத்தவற்றுள் எங்கள் மண்ணில் விளைந்தது வாழையிலையும் தேங்காய்த் துருவலும்தான். அந்த ஆண்டுத் தேங்காயும் பாதி நாள் வெளியே வாங்கியது. இடையில் வெளியூர்ப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வண்டி வண்டியாக ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டு, தம் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, எங்களுக்குரியதைத் தாமதமாகவும் குறைவாகவும் கொடுத்தார். அவரைக் குறைகூறுவதைவிட, தனக்கென்று ஒரு பொருள் இல்லாத இடம் இடைத்தரகரை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கும் என்பதைப் புரிந்துகொள்வதே பயனுடையது.

2020 தை அமாவாசையன்று சாலையோரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பலர் தோப்புக்குள் வந்து தண்ணீர் கேட்டார்கள், கழிப்பறை கேட்டார்கள், மர நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். எவரையும் இல்லையென்று அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாலையில் தட்டுகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே என் அத்தை சொன்னார்: “இவங்க நம்ம வீட்டுக்கு வந்தவங்க இல்ல தம்பி, நம்ம வீட்டு வழியாப் போறவங்க.” இந்த ஆய்வில் நான் கண்டடைந்த எல்லாவற்றுக்கும் அந்த வாக்கியமே அடிப்படை. இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்து, அறைகளைப் பூட்டினோம்.

பதநீர்க் காலை

2022 மாசியில் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு பனையேறியும் அவர் மனைவியும் பருவம் முழுவதும் தங்கிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்ச மரம் கேட்டு வந்தார்கள். பூட்டிக் கிடந்த அறையில் ஒன்றை மாமா அவர்களுக்குக் கொடுத்தார். விருந்தினருக்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பனைத்தொழில் நுணுக்கமானது. பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கிக் கட்டையால் இடுக்கி, நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறி அதன் நுனியை மெல்லிய தகடாகச் சீவிவிட வேண்டும். ஒரு வேளை தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சொட்டும் சாறு புளிக்காமல் பதநீராக இருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினாலும் சுவை கெடும். எவ்வளவு தடவுவது என்பதை அந்த அம்மா விரலால் அறிந்திருந்தார். அளவு கேட்ட என்னிடம் சொல்லத் தெரியாமல் சிரித்தார். இறக்கிய பதநீரை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் பனைமட்டை எரித்துக் காய்ச்சுவார்கள். பொங்கி வழியும் நேரத்தில் நசுக்கிய ஆமணக்கு முத்தைச் சிறிது போட்டால் நுரை அடங்கும். கம்பிப் பதம் கடந்து கூழாகத் திரண்டதும் தேங்காய் ஓட்டில் ஊற்றி ஆறவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதைக் கொட்டாங்குச்சி என்பார்கள், அவர்கள் சிரட்டை என்பார்கள். அந்தச் சொல் வேறுபாட்டைக் கேட்டே பிள்ளைகள் மகிழ்ந்தார்கள்.

அந்த ஆண்டு சித்திரையில் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் மான் பார்க்க வந்து, தெரிந்தவர் மூலம் ஓர் இரவு தங்கியது. விடியற்காலையில் பிள்ளைகள் பனையடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கலயம் இறங்கியது. பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, வெயில் படாத பதநீரை ஊற்றி, நுங்கை விரலால் வழித்துப் போட்டுக் கொடுத்தார் பனையேறி. எட்டு மணிக்குப் புறப்பட இருந்தவர்கள் கருப்பட்டி ஊற்றும்வரை இருந்து, மறுநாள் காலையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். காடு பார்க்க வந்தவர்கள் காட்டுக்கு அரை நாளும் தோப்புக்கு இரண்டு நாளும் கொடுத்த முதல் நிகழ்ச்சி அது. போகும்போது, சூடு ஆறாத கருப்பட்டியைப் பனையோலைப் பெட்டியோடு விலைகொடுத்து வாங்கிச் சென்றார்கள்.

ஏன் தங்கினார்கள் என்று நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். என் முடிவு இது: பதநீருக்கு நேரம் உண்டு. விடியலில் இறங்கியது வெயில் ஏறும்போது சுவை மாறத் தொடங்குகிறது. அதைப் புட்டியில் அடைத்துத் திருச்சிக்கு அப்படியே அனுப்ப முடியாது. குடிக்க வேண்டுமென்றால் மரத்தடிக்கு வர வேண்டும், விடியலில் மரத்தடியில் நிற்க வேண்டுமென்றால் முந்தின இரவே ஊரில் இருக்க வேண்டும். கோயிலையும் கோட்டையையும் எந்த நேரத்திலும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பதால் அவை ஆளை இழுக்கின்றன, நிறுத்துவதில்லை. பதநீர் நிறுத்துகிறது.

2023 முதல் இதையே ஒழுங்காக்கினோம். விருந்தினர் காலம் பங்குனி தொடங்கி ஆனி நடுவரை மட்டுமே. பள்ளி விடுமுறையும் மாங்காய்ப் பருவமும் அதற்குள் அடங்குகின்றன. மழைக்காலத்தில் அறை கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். ஒரு காலைக்கு 12 பேருக்கு மேல் இல்லை. விடியுமுன் முல்லை பறிக்கும் பெண்களோடு விரும்பியவர்கள் செல்லலாம். அந்தப் பெண்களின் கூலி நேரத்தை விருந்தினர் தின்றுவிடக் கூடாது என்பதால் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிறோம். பிறகு பதநீர், பிறகு காய்ச்சும் கொட்டகை. பகல் சாப்பாட்டில் தோப்பிலும் பக்கத்து வயலிலும் விளைந்ததைத் தவிர எதுவும் இல்லை. மாலையில் உப்பளம், மறுநாள் கோடியக்கரையோ முத்துப்பேட்டைப் படகோ அவரவர் விருப்பம். முதல் முயற்சியின்போது விருந்தினர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கடைக்கும் தரகுக்கும் போயிற்று. இப்போது பெரும்பகுதி பனையேறிக் குடும்பம், பூ பறிக்கும் பெண்கள், பக்கத்து வயற்காரர், மாமாவின் வீடு என்று அந்த மேட்டிலேயே தங்குகிறது. தொகை பெரிதன்று. அது யார் கைக்குப் போகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மார்கரெட் ரிவரும் ஆதிரெங்கமும்

வெளிநாட்டுக் கடலோர விவசாயப் பகுதிகள் இதே சிக்கலை எப்படி எதிர்கொண்டன என்று தேடியபோது மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் எனக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. பெர்த் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டரில் இருக்கும் அந்தப் பகுதி மாடு வளர்ப்பையும் மரம் வெட்டுவதையும் நம்பி இருந்தது. சுண்ணாம்புக்கல் குகைகள், கலங்கரை விளக்கம், அலைச்சறுக்குக் கடற்கரை ஆகியவற்றுக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1960-களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் அந்த மண்ணும் தட்பவெப்பமும் திராட்சைக்கு ஏற்றவை என்று எழுதினார். 1967-இல் டாம் கல்லிட்டி என்ற இதயநோய் மருத்துவர் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தை நட்டார். பின்னர் அப்பகுதி முழுவதும் ஒயின் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களின் வாசலிலேயே சுவைத்துப் பார்க்கவும் வாங்கவும் ஒரு கூடம் இருக்கும். மொத்த வியாபாரிக்குப் போக வேண்டிய பங்கு உற்பத்தியாளரிடமே நிற்பதும், குகை பார்க்க வந்தவர் ஒயினுக்காக இன்னொரு நாள் தங்குவதும் அந்தக் கூடத்தால் நடக்கின்றன. நம் நாட்டில் நாசிக் அருகே 1999-இல் தொடங்கப்பட்ட சுலா ஒயின் நிறுவனம் 2005-இல் சுவைக்கூடம் திறந்ததும் இதே வழியில்தான்.

ஒயினைக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. காவிரி மண்ணுக்கு அது உரியதன்று. விளைந்த இடத்தில் விளைவித்தவர் கையால் சுவைக்கக் கொடுப்பது என்ற முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஒயின் ஆண்டுக்கணக்கில் இருக்கும், கப்பலேறும். பதநீர் ஒரு முற்பகலுக்கு மேல் இருக்காது. வணிகத்துக்கு இது குறையாகத் தோன்றலாம். விருந்தினரைத் தங்கவைக்க வேண்டிய ஊருக்கு அந்தக் குறையே துணை.

வருகிறவரை ஊரோடு கட்டிப்போடும் முறைக்கு டெல்டாவிலேயே முன்மாதிரி உண்டு. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில், வந்த உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார்கள். 170-க்கும் மேற்பட்ட நெல் இரகங்கள் அந்த வழியில் மீண்டு பரவின. விதை வாங்கியவர் அடுத்த ஆண்டும் வந்தாக வேண்டும். விருந்தினர் எண்ணிக்கையைப் பெருக்குவதைப் பற்றியே பேசும் சுற்றுலாத் திட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த 4 கிலோவை நினைத்துக்கொள்கிறேன்.

தடைகள்

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பதநீர் கள் அன்று என்பது ஊருக்குத் தெரியும்; வெளியூரிலிருந்து வரும் இளைஞர்களில் சிலர் மரத்தைக் கண்டவுடன் கள் கேட்கிறார்கள். முன்பதிவின்போதே இல்லை என்று சொல்லிவிடுகிறோம். சுண்ணாம்புப் பெட்டியைக் காய்ச்சும் கொட்டகையின் முகப்பிலேயே தொங்கவிட்டிருப்பதும் அதற்காகத்தான். கள் பற்றிய விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் இருப்பதாக எண்ணுகிறேன். ஆனால் எங்கள் தோப்புக்குப் பிள்ளைகளோடு குடும்பங்கள் தயங்காமல் வருவது இனிப்புப் பதநீர் மட்டும் இருப்பதால்தான் என்பதைக் கணக்கு காட்டுகிறது. தென்னம்பாளையிலிருந்து நீரா என்னும் புளிக்காத சாற்றை இறக்க அனுமதிக்கும் முடிவை அரசு 2017-இல் எடுத்தது. எங்கள் புதுத் தென்னைகள் பாளை தள்ளத் தொடங்கிவிட்டாலும், அதற்குரிய குளிரூட்டும் ஏற்பாடும் அனுமதியும் ஒரு குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டவை.

தண்ணீர் இன்னொரு எல்லை. அறைகளை இரண்டிலிருந்து ஆறாக்கலாம் என்று சொன்ன நண்பர்கள் பலர். ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்தால் மேட்டுக்கடியில் மிதக்கும் நல்ல தண்ணீர் உப்பாகிவிடும். முதலில் முல்லை கருகும், பிறகு பக்கத்து வீட்டுக் கிணறு கரிக்கும். மாமா அதற்குச் சம்மதிக்கவே இல்லை, அவர் சரி.

எல்லாவற்றிலும் கடுமையான தடை ஆள்தான். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும், 76 லட்சம் பனை விதைகள் நடப்படும் என்பதும் 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையின் அறிவிப்புகள். மரத்துக்கு அதனால் காப்பு கிடைத்தது. மரமேறுகிறவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை. நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு மரமாக நெஞ்சைத் தேய்த்து ஏறி இறங்கும் உழைப்பு அது. விருந்தினர் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு ஒவ்வொரு காலையும் பனையேறியின் கைக்கே நேராகப் போக வேண்டும் என்று 2023-இலேயே முடிவு செய்தோம். விபத்துக் காப்பீட்டையும் தோப்புக் கணக்கிலேயே எழுதுகிறோம். வேறு இடங்களில் இதுபோல் தொடங்க நினைப்பவர்கள் அறை கட்டுவதற்கு முன்பு இந்த இரண்டையும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இன்றைய நிலை

பனையேறிக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். இத்தொழிலுக்கு அவன் வரமாட்டான் என்று அவரே சொல்லிவிட்டார். சென்ற பருவத்தின் முடிவில் மாமா அவரிடம், “அண்ணாச்சி, எங்க ஊர்ப் பசங்க ரெண்டு பேருக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போங்க” என்று கேட்டார். இருவர் முன்வந்தார்கள். ஒருவன் ஒரு வாரத்தில் நின்றுவிட்டான். மற்றவன் முன்பு ஆறுகாட்டுத்துறையில் வலை இழுத்தவன். உயரத்துக்கு அஞ்சவில்லை, ஆனால் சீவும் கை இன்னும் பழகவில்லை, இரண்டு பாளைகளை ஆழமாக வெட்டிக் கெடுத்துவிட்டான். பனையேறி அவனைத் திட்டவில்லை. கீழிருந்தபடியே அடுத்த பாளையைக் காட்டினார்.

கஜாவில் தென்னை விழுந்த இடங்களில் பாதியில் இப்போது பனங்கொட்டை ஊன்றியிருக்கிறோம். அவை பாளை விட 15 ஆண்டுகளுக்கு மேலாகும். இந்தப் பருவத்தில் வடக்கு வேலி மரங்களுக்கு மட்டுமே பாளை இடுக்கியிருக்கிறது. ஆகவே ஒரு காலைக்கு 12 பேர் என்றிருந்த வரம்பை 6 பேராகக் குறைத்து, முன்பதிவு செய்திருந்தவர்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். அவர்களில் திருச்சிக் குடும்பமும் ஒன்று. பங்குனிக்குப் பதில் வைகாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.